பழைய விமானத்தின் ஜீர்ணோத்தாரணம்

மட்டாஞ்சேரியில் உள்ள அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1555-ஆம் ஆண்டையொட்டி அதைக் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்குக் காணிக்கையாக அளித்தார்கள். நூறாண்டு கடந்து, 1663-இல், டச்சுக்காரர்கள் அதன் பழுதுகளைப் போக்கி விஸ்தரித்தார்கள். ஆயினும் இன்றுவரை உலகம் அதனை டச்சு அரண்மனை என்றே அழைத்து வருகிறது. புதிதாக ஒன்றை ஆக்குவோனுக்கு எவ்வளவு கீர்த்தி உண்டோ, அழியவிருந்ததைக் காப்பாற்றுவோனுக்கும் அவ்வளவு உண்டென்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை. கட்டடங்களின் விஷயத்தில் இவ்வுண்மையை நாம் ஒருவாறு உணர்ந்திருக்கிறோம்; யந்திரங்களின் விஷயத்தில், அதிலும் ஆகாய விமானங்களின் விஷயத்தில், இன்னும் சரிவர உணரவில்லை.

அந்த மட்டாஞ்சேரியின் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்கினால், உப்பங்கழிக்கு அப்பால் தெரிவது வில்லிங்டன் தீவு. 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளர், துறைமுகத்தின் வாயிலை அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டிக் கப்பல்களுக்கு வழிசெய்து, தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே அத்தீவின் பெரும்பகுதியை உண்டாக்கினார். அங்கே 1936-இல் ஒரு விமானத்தளம் அமைந்தது; யுத்தகாலத்தில் அது ராணுவத்தின் கைக்குச் சென்றது; சுதந்திரத்துக்குப் பின், 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில், நமது கடற்படையின் முதல் விமான நிலையமாக ஐ.என்.எஸ். கருடா என்னும் பெயருடன் அங்கேயே பிரதிஷ்டையாயிற்று. 1999-இல் நெடும்பாசேரி நிலையம் திறக்கப்படும்வரை பொதுமக்களின் விமானங்களும் அத்தளத்திலேதான் இறங்கி ஏறின.

அத்தளம் அமைவதற்கு ஓராண்டு முன்னர், 1935 அக்டோபர் 29-ஆம் தேதி, டாடா கம்பெனியைச் சேர்ந்த நெவில் வின்ட்சென்ட் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தபால் விமானம் ஒன்றை ஓட்டி வந்து இறக்கினார். அது டி ஹாவிலண்டு கம்பெனியின் ஃபாக்ஸ் மாத். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு அடுக்கு இறக்கைகளைக் கொண்டு, மரத்தாலும் துணியாலும் ஆனது. இன்று கேரளத்துக்கு வந்து போகும் பெரிய விமானங்களையெல்லாம் அறிந்தவர்கள், அவற்றுக்கு முன்னோடி ஒரு தச்சன் கையாலும் தையற்காரன் கையாலும் உருவான பொருள் என்பதைக் கேட்டால் வியப்படைவார்கள்.

சென்னைவாசிகளுக்கோ அவ்வியப்பு இன்னும் கால் நூற்றாண்டு முந்தியது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய, கார்சிகா தீவைச் சேர்ந்த ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர், குதிரை வண்டிகள் கட்டுவதில் பேர்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியாரிடம் ஓர் இரட்டை இறக்கை விமானத்தைச் செய்வித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். கோச்சு வண்டிகளுக்குச் சட்டம் இழைத்த கைகளே விமானத்துக்கும் சட்டம் இழைத்தன. இந்தச் செய்தியை நினைவில் இருத்திக்கொண்டால், பழைய விமானமொன்றைப் புதுப்பித்துப் பறக்கவைப்பது எத்தகைய காரியம் என்பது தானே விளங்கும்.

இரட்டை இறக்கை விமானங்கள் நம் நாட்டு விமானப்படையின் சைசவத்தோடு பிணைந்தவை. 1933 ஏப்ரல் முதல் தேதி கராச்சியில் தோன்றிய முதல் ஸ்குவாட்ரனிடம் இருந்தவை வெஸ்ட்லாண்டு வாபிட்டி என்னும் அவ்வகை விமானங்கள் நான்கே. ஆயினும் அவற்றினும் அதிகமாக நம் இளைஞர்களுக்கு ஆசானாக இருந்தது டைகர் மாத். 1931 அக்டோபர் 26-ஆம் தேதி இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், பின்னர் எண்ணாயிரத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யமெங்கும் பயிற்சி விமானமாகப் பரவியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஹைதராபாத்தை அடுத்த பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இருந்த ஆரம்பப் பயிற்சிப் பள்ளிகளில் நம் விமானிகள் முதற்பாடம் கற்றது இதில்தான். பெங்களூரில் வி. எம். காட்கே வடிவமைத்து 1951-இல் பறந்த எச்.டி.-2 விமானம் படைக்கு வந்த பின்னர், டைகர் மாத் படிப்படியாகப் பணியிலிருந்து விலகியது.

அவ்வாறு விலகிய விமானத்தை மீண்டும் ஆகாயத்துக்கு அனுப்ப விரும்புவோன் முதலில் செய்ய வேண்டுவது, அதன் மேல்துணி முழுவதையும் உரித்தெறிவதே. அப்போது உடற்பகுதியின் எஃகுக் குழாய்ச் சட்டமும், இறக்கைகளின் மரச்சட்டமும் வெளிப்படும். குழாய்களின் உட்சுவரைத் துரு அரித்திருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகையால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இறக்கையின் நீளவாட்டில் ஓடும் உத்தரங்கள் ஸ்புரூஸ் மரத்தால் ஆனவை. எடையில் குறைந்து வலிமையில் மிகுந்த அம்மரத்திலும், ரேகைகள் நேராக ஓடும், முடிச்சற்ற பலகைகளே இதற்கு ஆகும். அக்காலத்து விமானங்களின் மூட்டுகளைப் பிணைத்த கேசின் என்னும் பசை பாலிலிருந்து எடுக்கப்பட்டது. ஈரம் புகுந்தால் பூஞ்சை பிடித்து வலுவிழக்கும் குணமுடையது. இடவப்பாதி மழையும் உப்பங்காற்றும் மாறாத கொச்சி போன்ற துறைமுகங்களில் மரவிமானம் ஒன்றை நெடுங்காலம் சும்மா நிறுத்தி வைப்பது, அதனைக் கண்முன்னே மெல்ல அழியவிடுவதற்கு ஒப்பாகும்.

சட்டம் சீரான பின்னர்த் துணி போர்த்த வேண்டும். பழைய முறைப்படி அது ஐரிஷ் லினன். இறக்கையின் மேலும் கீழும் துணியைப் போர்த்தி, நீண்ட ஊசியால் மெழுகிட்ட நூலை மேற்புறத்திலிருந்து கீழ்ப்புறத்துக்கு ஊடுருவச் செலுத்தி, ஒவ்வொரு விலாச்சட்டத்தையும் சுற்றிக் கட்ட வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது அவிழாதிருக்குமாறு ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சிட வேண்டும். அதன் மேல் டோப் என்னும் செல்லுலோஸ் பூச்சைப் பலமுறை தடவினால், அது காயக்காயத் துணி சுருங்கி இழுபட்டு விறைப்பாகும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் டோப் பூசினால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் நீர்த்துளி படிந்து, பூச்சு வெளுத்துப் பலமற்றதாகிவிடும். எனவே இவ்வேலைக்கு வானிலையையும் பார்த்து நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையும் முடிந்தாலும் இறக்கைகளைப் பூட்டிய பின்னரே உண்மையான பரீட்சை தொடங்குகிறது. இரண்டு அடுக்குகளையும் இழுகம்பிகள் பிணைத்து நிற்கின்றன: பறக்கும்போது மேல்நோக்கி எழும் இறக்கையைப் பிடித்து நிறுத்துவன ஒரு வகை, தரையில் நிற்கும்போது தாழும் இறக்கையைத் தாங்குவன மற்றொரு வகை. ஒன்றை இறுக்கினால் மற்றொன்று மாறும். இறக்கையின் சாய்வையும் ஏற்றத்தையும் அளந்து அளந்து, கம்பிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இரு பக்கமும் ஒத்துவரச் செய்பவனுடைய பொறுமையிலேதான் விமானம் நேராகப் பறப்பதும் ஒருபுறம் ஒதுங்குவதும் அடங்கியிருக்கிறது. டைகர் மாத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. ஆபத்துக் காலத்தில் முன்னிருக்கையில் அமர்ந்தவர் பாராசூட்டுடன் தடையின்றி வெளியேறும்பொருட்டு, மேல் இறக்கையை முன்னே தள்ளியமைத்தார்கள். அதனால் கெட்ட சமநிலையை மீட்க, இறக்கைகளின் நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். மனித உயிரைக் கருதிச் செய்த அவ்வமைப்பை, அதன் காரணத்தை அறிந்தவனே அளவு தப்பாமல் மீண்டும் கட்ட முடியும்.

அதன் ஜிப்ஸி மேஜர் இயந்திரத்தின் நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்குவதால், நெடுநாள் நின்றிருந்தால் எண்ணெய் அவற்றுக்குள் வடிந்து தேங்கும். கிளப்புவதற்கு முன் விசிறியைக் கையால் சுழற்றி அதை வெளியேற்ற வேண்டும். அதன் வலிமை 130 குதிரைத்திறன்; மூலவடிவில் சக்கரத்துக்குத் தடைக்கருவி கிடையாது; வாலின் அடியில் தரையைக் கீறிச் செல்லும் ஒரு சட்டமே உண்டு. புல்வெளிகளுக்கென்று பிறந்த விமானத்தை இக்காலத்து நீண்ட தார்த்தளங்களில் ஓட்டுவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும்.

நமது விமானப்படையின் டைகர் மாத் ஒன்று, எச்.யு.-512 என்னும் எண்ணைத் தாங்கியது, இவ்வாறு பிரிட்டனில் உள்ள ரீஃப்ளைட் ஏர்வொர்க்ஸ் என்னும் நிறுவனத்தாரால் புதுப்பிக்கப்பட்டு, 2012 அக்டோபர் 8-ஆம் தேதி, படையின் எண்பதாவது ஆண்டுவிழாவில், டெல்லியை அடுத்த ஹிண்டன் தளத்தின் மேல் பறந்தது. அதே நிறுவனத்தாரிடம் செப்பனிடப்பெற்ற டகோட்டா விமானம் ஒன்று, கேரளத்தின் ஐதிகத்தோடு பிரிக்க முடியாத பரசுராமரின் பெயரைத் தாங்கி, 2018-இல் இந்தியா வந்து சேர்ந்தது.

துணியும் புதிது, பசை புதிது, கம்பி புதிது, உத்தரம்கூடச் சில இடங்களில் புதிது என்றால், பறப்பது பழைய விமானம்தானா என்று வினவுவோர் உண்டு. பாலாலயம் செய்து, சிதைந்த கோபுரத்தைப் பிரித்து, புதுச் சுதை பூசிக் கும்பாபிஷேகம் நடத்திய பிறகு, அது வேறு கோயில் என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. வழிபாடு தொடர்வதால் கோயில் தொடர்கிறது. அவ்வாறே, பழைய அளவும் பழைய முறையும் பழைய பணியும் தொடர்வதால் விமானம் தொடர்கிறது. நூதனசாலையில் அசையாது நிற்பதற்கும் பெருமை இல்லாமற் போகவில்லை. உலகில் எஞ்சிய ஒரே வாபிட்டி பாலம் நூதனசாலையில் அவ்வாறுதான் காக்கப்படுகிறது. ஆனால் நிற்கும் விமானத்தில் கம்பி தளர்ந்திருந்தாலும் தையல் பிழைத்திருந்தாலும் எவரும் அறியார். பறக்கும் விமானத்தில் எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது. ஆகவே, விமானத்தைப் பறக்கவைப்பதென்பது அதைக் கட்டிய வித்தை இன்னும் ஒருவர் கையில் உயிரோடிருக்கிறது என்பதற்கு நிரூபணம்.

அந்த வித்தை 1910-இல் சென்னையின் வண்டிப்பட்டறையில் இருந்தது. யுத்தகாலத்தில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் தொழிலாளர்களிடம் தினசரி வேலையாக இருந்தது. அதே விமானத்தை உயிர்ப்பிக்கக் கடல்கடந்து அனுப்ப நேர்ந்தது, நாம் இழந்தது விமானத்தை மட்டுமன்று என்பதைக் காட்டுகிறது. மேலைக் கடற்கரையில் மரக்கலம் கட்டும் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொச்சியில் கடற்படையின் விமானத் தொழிலாளர்கள் எழுபது ஆண்டு அனுபவத்தோடு இருக்கிறார்கள். மரத்தை அறிந்தவனையும் விமானத்தை அறிந்தவனையும் ஒரே பட்டறையில் அமர்த்தி, இளைஞர்கள் சிலரை அவர்களிடம் சீடர்களாக ஒப்படைப்பது அரசாங்கத்துக்கோ செல்வந்தர்களுக்கோ அசாத்தியமான காரியமன்று. அடுத்து இந்நாட்டில் புதுப்பிக்கப்படும் இரட்டை இறக்கை விமானம் இந்நாட்டுக் கைகளாலேயே தைக்கப்பட்டு இழுத்துக் கட்டப்பட வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.