முதல் செட் ஏன் லேசா இருக்கணும்? வார்ம்-அப் வந்த கதை

1/
காலை 6 மணி. 9 மணிக்கு ஆபீஸ். ஜிம்முக்குள்ள நுழைஞ்சதும் பையை ஓரமா வெச்சுட்டு, நேரா பெஞ்சுல படுத்து, போன வாரம் தூக்கின அதே 60 கிலோவை எடுக்கிறவரா நீங்க?

அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
சில மாதங்களுக்கு முன்பு 40 வயதைத் தாண்டிய ஒருவர் ஓ.பி.க்கு வந்தார். வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. பெஞ்ச் பிரஸ் செய்தபோது முதல் செட்டிலேயே தோளில் சுரீர் என்று பிடித்துக்கொண்டதாம்.

பரிசோதனை முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், அன்னைக்கு லேட் ஆயிடுச்சுன்னு வார்ம்-அப்பை விட்டுட்டேன். அதனாலதான் இப்படி ஆச்சா?"

3/
"ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவரும் ஏற்றுக்கொண்டிருப்பார். ஆனால் உண்மை அவ்வளவு எளிதல்ல.

வார்ம்-அப் பற்றி மருத்துவ உலகம் பலமுறை மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறது. அவசியம் என்றார்கள், தேவையே இல்லை என்றார்கள், ஸ்ட்ரெச்சிங்தான் வார்ம்-அப் என்றார்கள், பிறகு ஸ்ட்ரெச்சிங் வேண்டாம் என்றார்கள். இதில் எது நின்றது, எது உதிர்ந்தது? வாங்க, 1,800 வருஷத்துக்கு மேல பின்னாடி போவோம்.

4/
கேலன். ரோமப் பேரரசு காலத்து மருத்துவர். இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமோன் நகரத்துக்காரர். கி.பி. 157 வாக்கில் அங்கிருந்த கிளாடியேட்டர் வீரர்களுக்கு மருத்துவராக நியமிக்கப்பட்டார். கிழிந்த தசை, அறுந்த தசைநாண் எல்லாம் அவருக்குத் தினசரி வேலை.

உடல்நலம் காப்பது பற்றி அவர் எழுதிய நூல் 6 பாகங்கள் கொண்டது. அதில் உடற்பயிற்சிக்குத் தனி இடமே உண்டு.

5/
அதில் கேலன் சொல்வதன் சாரம்: ஆடையைக் கழற்றியதும் கடும் பயிற்சியில் இறங்கக்கூடாது. முதலில் துணியால் உடலைத் தேய்த்துச் சூடேற்ற வேண்டும். அப்புறம் எண்ணெய் தேய்த்து இளக வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பயிற்சி, அதுவும் படிப்படியாக. இல்லையென்றால் உடம்புக்குள் ஏதாவது கிழிந்துபோகும் ஆபத்து உண்டு.

காரணமாக அவர் சொன்ன கழிவுகள், துவாரங்கள் என்ற விளக்கமெல்லாம் இன்று செல்லாது. ஆனால் "முதலில் சூடு, பிறகு மெல்ல மெல்லக் கடுமை" என்ற வரிசை அப்போதே வந்துவிட்டது பாருங்க.

6/
அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் கிடைக்க 20-ம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், வேலை செய்யும் தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் எப்படித் திறக்கின்றன என்று காட்டினார். 1920-ல் நோபல் பரிசு. இங்கிலாந்தின் ஏ.வி. ஹில், தவளைத் தசை சுருங்கும்போது உண்டாகும் துளியூண்டு வெப்பத்தை அளந்தார். அவருக்கு 1922-ம் ஆண்டுக்கான நோபல்.

7/
நம் தசை ஒரு எஞ்சின் மாதிரி. எரிக்கிற எரிபொருளில் சுமார் நாலில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மிச்சமெல்லாம் வெப்பம்.

அதாவது, உடம்பைச் சூடேற்ற வெளியிலிருந்து அடுப்பு வேண்டாம். லேசாக வேலை கொடுத்தாலே தசை தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். சூடான தசைக்கு ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜன் இன்னும் எளிதாகப் பிரிந்து கிடைக்கும் என்பதையும் 1909-லேயே பார்கிராஃப்ட், கிங் என்ற இருவர் காட்டியிருந்தார்கள்.

8/
அடுத்த கட்டம் குரோக் பணியாற்றிய அதே கோபன்ஹேகனில். எர்லிங் ஆஸ்முசென், ஓவே பொய்யே என்ற இரு ஆய்வாளர்கள் 1945-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனை ரொம்ப எளிமையானது.

ஆட்களை நிலையான சைக்கிளில் ஏற்றி, குறிப்பிட்ட அளவு வேலையை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒருமுறை சும்மா வந்து நேராக ஏறுவார்கள். இன்னொருமுறை லேசாக மிதித்து உடலைச் சூடாக்கிய பிறகு. மற்றொருமுறை வெந்நீரில் குளித்த பிறகு. வேறொருமுறை மசாஜ் செய்த பிறகு.

9/
முடிவு? தசை சூடாக இருந்தபோது வேலை சீக்கிரம் முடிந்தது. அந்தச் சூடு மிதித்து வந்ததா, வெந்நீரில் வந்ததா என்பதைவிட, தசையின் வெப்பநிலை உயர்ந்ததா என்பதே முக்கியமாக இருந்தது. மசாஜால் பலன் கிடைக்கவில்லை.

கேலன் சொன்னதில் சூடு பாஸ். தேய்ப்பு ஃபெயில்.

10/
இனி எடை தூக்குபவர்களுக்கான முக்கியமான ஆளைப் பார்ப்போம். டாக்டர் தாமஸ் டிலோர்ம். அமெரிக்க ராணுவ மருத்துவர். சிறுவயதில் வாதக் காய்ச்சலால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். எழுந்த பிறகு எடை தூக்கித் தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர்.

எடை தூக்கினால் இதயம் கெட்டுவிடும், உடம்பு இறுகிப்போகும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது.

11/
இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அவர் சிகாகோவில் இருந்த கார்டினர் ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார். முழங்கால் அடிபட்ட வீரர்கள் படுக்கைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். லேசான எடையை நூற்றுக்கணக்கான தடவை ஆட்டுவதுதான் அப்போதைய சிகிச்சை. தொடைத் தசை தேறவே தேறாது.

டிலோர்ம் காலில் மாட்டும் இரும்புக் காலணி ஒன்றைப் பயன்படுத்தினார். அதில் எடையைப் பூட்டி, கனமாக, ஆனால் குறைந்த தடவை தூக்க வைத்தார். தசை தேறியது. 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

12/
ஆரம்பத்தில் அவரும் 70 முதல் 100 ரெப் வரை கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அது தேவையில்லை என்று புரிந்தது. 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து புதிய முறையை வெளியிட்டார். 3 செட், ஒவ்வொன்றிலும் 10 ரெப்.

உங்களால் சரியாக 10 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செட் அதில் பாதி, 10 கிலோ. இரண்டாவது முக்கால், 15 கிலோ. மூன்றாவதுதான் முழு 20.

13/
உங்க ஜிம் கோச் "3 செட், 10 ரெப், ஏத்திக்கிட்டே போங்க"ன்னு சொல்றார் இல்லையா? அது புகழ்பெற்றது இங்கிருந்துதான். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து ஜிம்முக்கு வந்த விஷயம் அது.

இதில் கவனிக்க வேண்டியது: முதல் இரண்டு செட்டும் தசையைத் தயார்படுத்த. உண்மையான வேலை மூன்றாவதில். ஆக, வார்ம்-அப் என்பது தனியாக ஒரு மூலையில் கையைக் காலை உதறுவது மட்டுமல்ல. எந்த அசைவை கனமாகச் செய்யப்போகிறோமோ, அதே அசைவை முதலில் லேசாகச் செய்வது.

14/
இதற்கு எதிர்ப்பு வராமல் இருக்குமா? 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜினோவியெஃப் வரிசையைத் தலைகீழாக்கினார். "பலவீனமான நோயாளி முழு எடைக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார். கனமானதை முதலில் கொடு, பிறகு குறைத்துக்கொண்டே வா" என்பது அவர் வாதம். இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு முறை என்றே பெயர்.

பிற்பாடு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பலம் கூடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாடம் இருக்கு: வார்ம்-அப்பிலேயே உங்களைத் தீர்த்துவிடாதீர்கள்.

15/
அடுத்து வந்தவர் இன்னும் பெரிய குண்டைப் போட்டார். பீட்டர் கார்போவிச். ரஷ்யாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியில் பணியாற்றிய உடலியல் நிபுணர். எடை தூக்கினால் உடம்பு இறுகும் என்று நம்பியவர்களில் ஒருவர்.

1940-ல் ஜான் கிரிமெக் என்ற புகழ்பெற்ற பளுதூக்கும் வீரர் அந்தக் கல்லூரிக்கு வந்தார். "உங்கள் முதுகை நீங்களே சொறிந்து காட்டுங்கள் பார்ப்போம்" என்றார் கார்போவிச். கிரிமெக் சர்வசாதாரணமாகச் சொறிந்து காட்டினார்.

16/
கார்போவிச்சின் பெருமை என்னவென்றால், தன் நம்பிக்கையைத் தானே சோதித்துப் பார்த்தார். எடை தூக்கும் 300 பேர், தூக்காத 300 பேர். கையை யார் வேகமாகச் சுழற்றுகிறார்கள்? 1951-ல் வந்த முடிவு: எடை தூக்குபவர்கள்தான் வேகம். தான் நினைத்தது தவறு என்று வெளியிட்டார்.

அதே மனிதர் 1956-ல் வார்ம்-அப்பையும் சோதித்தார். 440 கஜ ஓட்டம், சைக்கிள் இரண்டிலும் வார்ம்-அப்போ மசாஜோ குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தரவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே அது வெளியானது.

17/
அப்போ எல்லாம் மனப்பிரமையா? 1961-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாஸியும் அவர் சகாக்களும் ஆட்களை ஹிப்னாடிஸம் செய்து, வார்ம்-அப் செய்தோமா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாமல் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வித்தியாசம் இல்லை!

அந்தக் காலத்துச் சோதனைகள் பலவற்றில் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. தசை நிஜமாகவே சூடேறியதா என்று அளக்கவில்லை. கோபன்ஹேகன்காரர்கள் அளந்தார்கள்.

18/
1979-ல் ஸ்வீடனின் பெர்க், எக்ப்ளோம் மீண்டும் அளந்தார்கள். தசையின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால், குதிக்கும் உயரம், வெடிப்பான சக்தி போன்றவை 4 முதல் 6 சதவீதம் கூடின. 30-லிருந்து 39 டிகிரி வரை இந்தப் போக்கு தெரிந்தது.

சூடு உண்மை. பிரமை இல்லை.

19/
இதற்கிடையில் இதயம் பற்றிய ஒரு ஆய்வு. 1973, லாஸ் ஏஞ்சல்ஸ். ஜேம்ஸ் பர்னார்டும் சகாக்களும் ஆரோக்கியமான 44 ஆண்களை, வார்ம்-அப் இல்லாமல் டிரெட்மில்லில் 10-15 விநாடி திடீரென்று கடுமையாக ஓட வைத்தார்கள். பெரும்பாலானவர்களின் ஈ.சி.ஜி.யில், இதயத்தசைக்கு ரத்தம் போதாதபோது தெரியும் மாற்றம் தெரிந்தது. முன்னதாக 2 நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடம் அது வெகுவாகக் குறைந்தது.

பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இது இவ்வளவு பயமுறுத்தும்படி தெரியவில்லை. ஆனாலும் 40 தாண்டியவர்கள், பி.பி., சுகர் இருப்பவர்கள், குளிர்ந்த உடம்போடு இதயத்துக்கு இப்படித் திடீர்ச் சோதனை வைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

20/
அப்புறம் வந்தது ஸ்ட்ரெச்சிங் காலம். குனிந்து கால் விரலைத் தொட்டு 30, 60 விநாடி அப்படியே நிற்பதுதான் வார்ம்-அப் என்று பள்ளி மைதானம் வரை பரவியது.

1998-ல் கொக்கோனென் குழு இதை அளந்தது. நீண்ட நேரம் ஸ்ட்ரெச் செய்த உடனே எடை தூக்கினால், அதிகபட்சமாகத் தூக்கும் எடை 7-8 சதவீதம் குறைந்தது. 2000-ல் ஆஸ்திரேலிய ராணுவத்தில் சேர்ந்த 1,538 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெச் செய்ததால் கால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

ஸ்ட்ரெச்சிங் கெட்டது என்று அர்த்தமில்லை. சில விநாடி செய்தால் பாதகமில்லை. ஆனால் அது வார்ம்-அப்புக்கு மாற்று அல்ல. நிதானமாகச் செய்ய வேண்டிய ஸ்ட்ரெச்சை எடை தூக்கி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

21/
இப்போ அந்தத் தோள்வலிக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

வார்ம்-அப் செய்தால் நன்றாகத் தூக்கலாம் என்பதற்கு ஆதாரம் உறுதி. எடை தூக்கும்போது காயம் வராது என்பதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதியில்லை. தூக்கம், வயது, பழைய காயம், தப்பான முறை, பேராசை என்று பல காரணங்கள் கலந்திருக்கும். அதனால் "வார்ம்-அப் விட்டதால்தான்" என்று அவர் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்று அவரிடம் சொன்னேன்: "பாதி எடையில ஒரு செட் பண்ணியிருந்தா, தோள் அன்னைக்கு சரியில்லைன்னு 30 கிலோவிலேயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பிருக்கு. நீங்க அதை 60-ல தெரிஞ்சுக்கிட்டீங்க."

22/
நீங்க என்ன பண்ணலாம்?

5 நிமிடம் வேக நடை அல்லது சைக்கிள். மூச்சு கொஞ்சம் கூட வேண்டும், பேச முடிய வேண்டும்.

பிறகு அதே பயிற்சி. 60 கிலோ பெஞ்ச் என்றால்: 20 கிலோ வெறும் பார் 10 தடவை, 30 கிலோ 6-8 தடவை, 45 கிலோ 3-4 தடவை. ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு 60.

மொத்தம் 10-12 நிமிடம். அவ்வளவுதான்.

23/
"சென்னை வெயிலுக்கு உடம்பு சூடாத்தானே இருக்கு டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான், கோடையில் நடையை 2-3 நிமிடமாகக் குறைக்கலாம். ஆனால் லேசான செட்டுகளைக் குறைக்காதீர்கள். வெயில் உங்க தோளுக்கு பெஞ்ச் பிரஸ் சொல்லிக் கொடுக்காது.

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் வார்ம்-அப்பிலேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். இதயநோய் உள்ளவர்கள் ஆலோசனை கேட்டபிறகே எடை தூக்கத் தொடங்குங்கள்.

24/
பிசியோதெரபி முடிந்து போன மாதம் அவர் திரும்ப வந்தார். கை முழுசாக மேலே போகிறது. "மறுபடி எப்போ தூக்கலாம்? எவ்வளவுல ஆரம்பிக்கலாம்?" என்றார்.

டிலோர்ம் தன் வீரர்களுக்குச் சொன்ன கணக்கைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன். வலி இல்லாமல் 10 தடவை முடிகிற எடையைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதில் பாதி. பிறகு முக்கால். அப்புறம் முழுசு.

அவருக்கு அது இப்போதைக்கு 16 கிலோ. முதல் செட் 8 கிலோ. கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது என்றார். பண்ணுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க என்றேன்.

நாளைக்குக் காலையில பாரைத் தொடுறதுக்கு முன்னாடி ஞாபகம் வெச்சுக்கோங்க.