ஆன்லைனில் வாங்கிய கார் உதிரிபாகம் பொருந்தவில்லையா? செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

சென்ற ஆண்டு நம் மதரஸா வேனுக்கு முன்சக்கர பிரேக் பேடு மாற்ற வேண்டியிருந்தது. ஊர்க் கடையில் சொன்ன விலையைவிட இணையத்தில் முந்நூறு ரூபாய் குறைவாக இருந்ததால் ஆர்டர் போட்டோம். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பெட்டியின் மேல் நம் வேனின் பெயர்தான் அச்சாகியிருந்தது. ஆனால் மெக்கானிக் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, புதிய பேடின் காது சற்றே அகலமாக இருந்தது. "லேசா தேய்ச்சு விட்டா உட்கார்ந்துடும் ஹஜ்ரத்" என்றார் அவர்.

அந்த வேனில் தினமும் பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பணம் திரும்பி வரப் பதினொரு நாட்கள் ஆயின. அதுவரை பிள்ளைகளை ஆட்டோவில் அழைத்து வந்தோம். மிச்சப்படுத்த நினைத்த முந்நூறு ரூபாய் முதல் நாளிலேயே போய்விட்டது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜும்ஆ முடிந்த பிறகு, டாக்ஸி ஓட்டும் சகோதரர்களும் சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதுபோன்ற கேள்விகளை நம்மிடம் கேட்கிறார்கள். பாதிக் கேள்வி சட்டம் பற்றியது. மீதிப் பாதி ஹலால் ஹராம் பற்றியது. இரண்டுக்கும் சேர்த்து நாம் அறிந்ததை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தவறான பாகம் ஏன் வருகிறது?

ஒரு காரின் பெயர் ஒன்றாக இருந்தாலும் கார் ஒன்றல்ல. மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். 2005இல் இந்தியாவில் அறிமுகமான இந்தக் கார், 2011, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் முழுமையாக மாற்றியமைக்கப்பட்டது. இடையில் பல ஆண்டுகள் டீசல் வண்டியும் விற்பனையில் இருந்தது. 2024இல் நான்கு சிலிண்டர் எஞ்சின் போய் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. ஆகவே "ஸ்விஃப்ட் ஆயில் ஃபில்டர்" என்று மட்டும் தேடினால் போதாது. எந்த ஆண்டு, எந்த எரிபொருள், எந்த வகை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இடது, வலது குழப்பம். வாகனத்தில் இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்திருப்பவரின் இடது, வலதுதான். காருக்கு எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல. "டிரைவர் பக்கம்" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. நம் நாட்டில் அது வலது பக்கம்; சவூதியிலும் அமீரகத்திலும் இடது பக்கம்.

வளைகுடாவிலிருந்து உறவினர்கள் அனுப்பும் ஹெட்லைட்டைப் பொருத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டுவதால், லோ பீம் வெளிச்சம் வலப்பக்க ஓரத்தில் சற்று உயர்ந்து விழும்படி அமைந்திருக்கும். அதை இங்கே மாட்டினால் அந்த வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

பேட்டரியில் ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். 38பி20எல், 38பி20ஆர் இரண்டும் ஒரே அளவு. கடைசி எழுத்து முனைகளின் இடத்தைக் குறிக்கிறது. மாறி வந்தால் ஒயர் எட்டாது. இழுத்து மாற்றி இணைத்துவிட்டால் மின் பாகங்கள் கருகிவிடும். பல்பிலும் அப்படியே: எச்4 பல்பில் இரண்டு இழைகள், எச்7 பல்பில் ஓர் இழை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

ஆர்டர் போடும் முன்

ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு, எரிபொருள், சேஸ் நம்பர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஆண்டும் தயாரித்த ஆண்டும் வேறாக இருக்கலாம். மாடல் மாறிய ஆண்டுகளில் இதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட உறுதியானது பார்ட் நம்பர். பழைய பாகத்திலேயே அது பொறிக்கப்பட்டிருக்கலாம். அழிந்திருந்தால், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் சேஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருந்தால் அதையும் அங்கே தெரிந்துகொள்ளலாம்.

விற்பவரின் பெயர், முகவரி, திருப்பி எடுக்கும் கால அளவு ஆகியவற்றைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். "இந்த வண்டிக்குப் பொருந்தும்" என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கம் திருத்தப்பட்டாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

பார்சல் வந்தவுடன்

முகவரிச் சீட்டு தெரியும்படி, பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பெட்டியில் உள்ள எண், பாகத்தில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பழைய பாகத்துக்குப் பக்கத்தில் வைத்துத் துளைகள், பற்கள், நீளம், பிளக்கின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

வேறுபாடு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மாட்டிப் பார்க்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், துளையிட வேண்டாம். கிரீஸ் பட்ட பாகத்தையும் ஒருமுறை இணைத்த மின் பாகத்தையும் பல விற்பனையாளர்கள் திரும்ப எடுக்க மறுப்பார்கள். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களை வெட்டித் தேய்த்துப் பொருத்துவது உயிரோடு விளையாடுவது. காலிபருக்குள் பேடு தடையின்றி நகர வேண்டும். அளவு மாறினால் அது சிக்கிக்கொள்ளும், அல்லது ஆடும். இரண்டுமே ஆபத்து.

மெக்கானிக்கிடம் "பார்ட் நம்பர் மாறியுள்ளது, பொருந்தவில்லை" என்று தேதியிட்டு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய துணை.

தவறு யாருடையது?

புகார் செய்யும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நாம் கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் தவறு விற்றவருடையது. நாம் கேட்டதுதான் வந்தது, ஆனால் அவர் "பொருந்தும்" என்று எழுதியது பொய்யானது என்றாலும் தவறு அவருடையதே. பொருள் உடைந்தோ பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும் அப்படித்தான். டீசல் வண்டியை வைத்துக்கொண்டு பெட்ரோல் வண்டிக்கான பாகத்தை நாமே ஆர்டர் செய்திருந்தால் தவறு நம்முடையது.

இந்தப் பிரிவினை நம் ஃபிக்ஹ் நூல்களிலும் தெளிவாக உண்டு. பொருளில் குறை வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமைக்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். குறை தெரிந்த பிறகும் வாங்கியவர் அதைப் பயன்படுத்தினால், அவர் பொருந்திக்கொண்டதாகக் கருதப்படும். மாட்டிப் பார்க்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு மார்க்கத்திலும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, நிறையப் பால் தரும் ஆடு என்று தோன்றச் செய்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் ஆட்டை வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் திருப்பித் தரலாம், ஆனால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்துத் தர வேண்டும். முஸ்லிம் நூலின் ஓர் அறிவிப்பில் இதற்கு மூன்று நாள் அவகாசம் சொல்லப்படுகிறது. சட்ட விரிவில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இதில் உள்ள நீதியைக் கவனியுங்கள்: ஏமாற்றியவர் பொருளைத் திரும்ப எடுக்க வேண்டும், ஏமாற்றப்பட்டவரும் தாம் அனுபவித்ததற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அதன் கீழ் வந்த மின்வணிக விதிகள் 2020 ஆகிய இரண்டும் நமக்குத் துணை. பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாததாகவோ இருந்தால், விற்பனையாளர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்கின்றன இந்த விதிகள். எனவே "ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதிவைத்துவிட்டு, தவறான பாகத்தை அனுப்பித் தப்பிக்க முடியாது. ஆனால், "நான் மாற்றி ஆர்டர் போட்டுவிட்டேன்" என்பதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே கடையின் ரிட்டர்ன் விதிதான் பேசும்.

ஒவ்வொரு மின்வணிகத் தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

புகாரை இப்படிக் கொண்டுபோங்கள்:

1. தளத்தின் செயலியில் ரிட்டர்ன் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். கால அவகாசம் முடியும் முன் செய்வது முக்கியம். போனில் பேசியதை மட்டும் நம்பாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும்.

2. மறுத்தால், ஆர்டர் எண், படங்கள், ஸ்கிரீன்ஷாட், மெக்கானிக்கின் குறிப்பு ஆகியவற்றுடன் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் வேண்டுமா, மாற்றுப் பொருள் வேண்டுமா என்று ஒரே வரியில் தெளிவாகக் கேளுங்கள்.

3. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பல சிறு தொகைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

4. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

டாக்ஸி ஓட்டும் சகோதரர்கள் "நாங்கள் தொழிலுக்கு வாங்குகிறோம், எங்களுக்குச் செல்லாதே" என்று கேட்பதுண்டு. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்குபவரையும் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. மறுவிற்பனைக்கு வாங்கும் கடைக்காரருக்குத்தான் அது பொருந்தாது.

ஓர் எச்சரிக்கை. ரீஃபண்ட் தாமதமாகும்போது பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. எண்ணைத் தளத்தின் செயலிக்குள் மட்டுமே எடுங்கள். பணம் பெறுவதற்கு ஓ.டி.பி.யோ யு.பி.ஐ. பின்னோ தேவையில்லை. கேட்டால் அவன் திருடன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

நாம் சறுக்கும் இடங்கள்

இப்போது நம் பக்கம். ஒரு வாலிபர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நான்தான் மாற்றி ஆர்டர் போட்டேன். 'பழுதான பொருள்' என்று போட்டால் முழுப் பணமும் வருகிறது. உண்மையைச் சொன்னால் கூரியர் செலவைப் பிடிக்கிறார்கள். பெரிய கம்பெனிதானே, என்ன நஷ்டம்?"

கூடாது என்றோம். அது பொய். அந்தப் பொய்யின் விலையைப் பெரிய கம்பெனி கொடுப்பதில்லை. அதில் கடை போட்டிருக்கும் ஏதோ ஒரு சிறு வியாபாரியின் கணக்கில்தான் கழிக்கிறார்கள். அவரும் நம்மைப் போல் பிள்ளைகுட்டிக்காரர். மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் கண்டித்த நிகழ்ச்சியை விற்பவருக்கான பாடமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வாங்குபவர் காரணத்தை மறைத்தாலும் அதே கண்டிப்பு பொருந்தும்.

தேய்ந்த பழைய பாகத்தைப் புதிய பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புவது, ஒரு முறை பயன்படுத்திவிட்டு "பொருந்தவில்லை" என்பது ஆகியவை அப்பட்டமான மோசடி. அந்தப் பெட்டி அப்படியே இன்னொருவருக்கு அனுப்பப்படலாம். தேய்ந்த பிரேக் பேடு யார் வீட்டு வண்டியில் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் வருகிறது: பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார்கள், பொருளையும் எடுத்துப்போக வரவில்லை, வைத்துக்கொள்ளலாமா? கேட்டதைவிட விலை கூடிய பொருள் வந்தாலும் இதே சந்தேகம். எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் ஹலால். பதில் வரும்வரை அது உங்கள் கையில் உள்ள அமானிதம்; விற்கவோ மாட்டவோ கூடாது.

அந்த வாலிபர் பின்பு உண்மையான காரணத்தையே பதிந்தார். கூரியர் செலவு நூற்றிருபது ரூபாய் பிடித்தம் போக மீதி வந்தது. நமது வேனுக்குச் சரியான பேடை ஊர்க் கடையிலேயே வாங்கினோம், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து.

உரிமையை விட்டுக்கொடுக்காமல் கேட்பதும், பிறர் உரிமையைத் தொடாமல் இருப்பதும் சேர்ந்ததுதான் நேர்மையான கொடுக்கல் வாங்கல். அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத்தையும் நம் பயணங்களில் பாதுகாப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.