கதிரையை அறுத்த வாள்: வீட்டுத் தச்சு வாங்கின் கதை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கதவு நிலை செய்வதற்கு வந்த முதிய தச்சர் ஒருவர், முற்றத்து மாமர நிழலில் சாக்கொன்றை விரித்து நிலத்தில் அமர்ந்தே வேலை செய்தார். பலகையின் ஒரு முனையை நிலத்தில் அடித்த முளையொன்றில் முட்டவைத்து, மறு முனையை இரு பாதங்களாலும் இறுகப் பற்றியபடி அவர் சீவுளியை ஓட்டியது இன்றும் கண்முன் நிற்கின்றது. மரத்தை அசையாமல் பிடிப்பதற்கு வேறெந்தச் சாதனமும் அவரிடம் இருக்கவில்லை. அது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் மரவேலையில் எனக்கும் ஆசை பிறந்தது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் பலகையை வைத்து அறுக்க முற்பட்டபோதுதான் அந்தத் தச்சரின் பாதங்களின் அருமை புரிந்தது. நல்ல வாளும் உளியும் கையில் இருந்தாலும், மரம் அசையுமாயின் வேலை கெட்டுவிடும். தச்சு வாங்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரே சிக்கலைச் சுற்றித்தான் சுழன்றிருக்கின்றது.

'வாங்கு' என்னும் சொல்லே எமக்குப் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததாகும். அவர்களுடைய 'பாங்கோ' எமது நாவில் வாங்கானது. மேசை, கதிரை, அலுமாரி ஆகியனவும் அதே வழியில் வந்தவை. நிலத்தில் அமர்ந்து வாழ்ந்த சமூகத்துக்குத் தளபாடங்களோடு அவற்றின் பெயர்களும் கப்பலில் வந்திறங்கின எனலாம்.

ஐரோப்பியரும் தொடக்கத்தில் நிமிர்ந்து நின்று வேலை செய்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜேர்மனியிலுள்ள சால்பேர்க் என்னும் உரோமானியக் கோட்டையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வாங்கு, முழங்கால் உயரமேயுள்ள தடித்த பலகையாகும். சாய்வாகச் செருகிய கால்களில் அது நின்றது. தச்சன் அதன்மீது குதிரையில் அமர்வதுபோல அமர்ந்து, தன் உடற்பாரத்தாலேயே மரத்தை அழுத்திப் பிடித்தான். எங்கள் முற்றத்துத் தச்சருக்கும் அவனுக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு முழ உயரம் மாத்திரமே.

திருகாணி வந்த பின்னரே நிலைமை மாறியது. நூரம்பேர்க் நகரைச் சேர்ந்த மார்ட்டின் லொஃபெல்ஹோல்ஸ் என்பவர் 1505 ஆம் ஆண்டில் தொகுத்த சித்திரச் சுவடியொன்றில், திருகினால் மரத்தை நெரித்துப் பிடிக்கும் அமைப்புடன் கூடிய தச்சு வாங்கொன்று வரையப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை வந்தடைந்ததாக நாம் பாடசாலையில் படித்த ஆண்டும் 1505 தான்! இவ்விரண்டுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் ஆண்டுகளை மனப்பாடம் செய்து வளர்ந்த என் போன்றோருக்கு இத்தகைய ஒற்றுமைகள் கண்ணில் படாமற் போவதில்லை.

1678 ஆம் ஆண்டில் லண்டனில் ஜோசப் மொக்ஸன் என்பவர் கைத்தொழில்களைப் பற்றிய தமது நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அதிலுள்ள படமொன்றில், இரு முனைகளிலும் இரண்டு திருகுகள் கொண்ட நீண்ட பிடியொன்று காணப்படுகின்றது. இந்த இரட்டைத் திருகை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதை மீண்டும் அதனிடம் வரும்.

பிரான்சின் அந்திரே ஜாக்கோப் ரூபோ இவர்கள் எல்லோரிலும் வேறுபட்டவர். பாரிஸ் நகரத் தச்சர் ஒருவரின் மகனான அவர், தாமும் தச்சராகவே வாழ்ந்தவர். அரச விஞ்ஞானக் கழகத்தின் கைத்தொழில் நூல் வரிசையில் 1769 முதல் வெளிவந்த அவரது தச்சுக்கலை நூல், உளி பிடித்த கையே எழுதுகோலையும் பிடித்ததனால் உருவானது. படங்களையும் அவரே வரைந்தார். அவர் காட்டிய வாங்கில் அலங்காரம் எதுவும் இல்லை. ஒரே தடித்த பலகை, அதன் மேற்பரப்புவரை ஊடுருவிச் செல்லும் நான்கு கனத்த கால்கள், சீவும்போது மரத்தின் முனையைத் தடுப்பதற்கு ஒரு கட்டை, பலகைத் துளைகளில் செருகித் தட்டினால் மரத்தை இறுக்கிக்கொள்ளும் வளைந்த இரும்பு, இவ்வளவுதான். கால்களின் முன்பக்கமும் பலகையின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இதனால் கதவு போன்ற பெரிய பலகையை நிறுத்திவைத்து அதன் ஓரத்தைச் சீவும்போது காலே அதற்கு அணையாகிவிடும். வாங்கு முழுவதுமே ஒரு பிடிகருவியாகிவிட்டது. அதன் பாரம் அசைவைத் தடுத்தது.

ஆனால் அந்தப் பாரத்தை எங்கே வைப்பது? தச்சுப் பட்டறை உள்ளவனுக்கு இக்கேள்வி எழாது. நகரத்துச் சிறு வீட்டில், மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் மரவேலை செய்ய விரும்புபவனுக்கோ முதற் கேள்வியே அதுதான். அவனுக்கு விடை சொன்னவர் தச்சர் அல்லர். மோட்டார் கார் வடிவமைப்பாளர்.

ரொன் ஹிக்மன் 1932 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் நேட்டால் பிரதேசத்தில் கிரேடவுன் என்னும் ஊரில் பிறந்தவர். 1950 களில் இங்கிலாந்துக்குச் சென்று, ஃபோர்ட் நிறுவனத்தில் கார்களுக்குக் களிமண் மாதிரிகள் செய்தார். பின்னர் லோட்டஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1962 இல் வெளிவந்த புகழ்பெற்ற லோட்டஸ் எலான் காரின் வடிவமைப்பு அவருடையதே. அதற்கு முந்திய ஆண்டில் வீட்டுக்கு அலுமாரி செய்ய முற்பட்ட அவர், பலகையைத் தாங்குவதற்கு விலையுயர்ந்த சுவீடன் நாட்டுக் கதிரையொன்றைப் பயன்படுத்தினார். வாள் பலகையோடு நில்லாமல் கதிரையையும் பதம் பார்த்துவிட்டது. வேறொருவராயின் மனைவியின் கண்ணில் படாமல் கதிரையை மறைத்துவைப்பதோடு விடயம் முடிந்திருக்கும். ஹிக்மன் வடிவமைப்பாளர் அல்லவா? வீட்டில் இருப்பவனுக்கு ஏற்ற தச்சு வாங்கு எப்படி இருக்க வேண்டும் என்று சிந்திக்கத் தொடங்கினார்.

அவர் கண்ட வழி எளிமையானது. வாங்கின் மேற்பலகையையே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதி அசையாது. மற்றப் பாதி இரு முனைகளிலுமுள்ள இரண்டு திருகுகளால் முன்னும் பின்னும் நகரும். மரத்தை இடையில் வைத்து இறுக்கினால் வாங்கின் முழு நீளமுமே பிடியாகிவிடும். திருகுகளைத் தனித்தனியே இயக்கலாம் என்பதால் ஒருபுறம் ஒடுங்கிய மரத்தையும் அது பிடிக்கும். மொக்ஸனின் படத்திலுள்ள இரட்டைத் திருகைப் படுக்கவைத்தாற்போன்ற அமைப்பு இது. ஹிக்மன் அப்படத்தைக் கண்டிருந்தார் என்று நான் கூறவரவில்லை. ஒரே சிக்கல் இருவரையும் ஒரே இடத்துக்கு இட்டுச்சென்றது என்றே கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் வாங்கை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடலாம். பாரக் குறைவை ஈடுசெய்வதற்கு, வேலை செய்பவர் தமது காலை ஊன்றி வாங்கை நிலத்தோடு அழுத்திக்கொள்ள அடியில் ஒரு படியும் இருந்தது. உரோமானியத் தச்சனின் உடற்பாரம் இங்கே மீண்டும் வேலைக்கு வந்தது.

இதை எடுத்துக்கொண்டு அவர் நிறுவனங்களின் வாயில்களைத் தட்டினார். கருவி உற்பத்தியில் பெயர்பெற்ற ஸ்டான்லி நிறுவனம், இது நூற்றுக்கணக்கில் அன்று, டசின் கணக்கிலேயே விற்பனையாகும் என்று கூறியது. வேறு சிலர் விற்பனையே ஆகாது என்றனர். அவர்களை முற்றாகக் குறைகூற முடியாது என்பது என் கருத்து. அவர்கள் மனத்தில் இருந்த வாடிக்கையாளர் தொழில்முறைத் தச்சர். அவரிடம் ஏற்கனவே நல்ல வாங்கு இருந்தது. கதிரையில் வைத்துப் பலகை அறுப்பவனை ஒரு வாடிக்கையாளனாக எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

1967 இல் லோட்டஸிலிருந்து விலகிய ஹிக்மன், 1968 இல் தாமே உற்பத்தியைத் தொடங்கி வர்த்தகக் கண்காட்சிகளில் நேரடியாக விற்றார். 1972 இல் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் அதன் பெறுமதியை உணர்ந்து, அடுத்த ஆண்டு பெருமளவு உற்பத்தியில் இறங்கியது. 'வேர்க்மேற்' என்ற பெயரில் 1981 அளவில் ஒரு கோடி விற்பனையாகியிருந்தன. டசின் எங்கே, கோடி எங்கே! விற்பனை பெருகியதும் அதைப் போலச் செய்து விற்பவர்களும் பெருகினர். தமது காப்புரிமையைக் காக்க ஹிக்மன் நீதிமன்றங்களை நாட வேண்டியிருந்தது. முன்னர் எவருக்கும் வேண்டாதிருந்த பொருளைப் பின்னர் எல்லோரும் தமதாக்கிக்கொள்ள முயன்ற கதை, எழுத்துத் துறையில் இருந்த எமக்கும் புதிதல்ல. அவர் 2011 பெப்ரவரியில் ஜேர்சி தீவில் காலமானார்.

வேர்க்மேற் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் அது சிறந்தது. தடித்த பலகையைச் சீவுளியால் பலமாகச் சீவும்போதோ, எவ்வளவுதான் படியில் காலூன்றினாலும் மெல்ல நகரத் தொடங்கும். இந்தக் குறையே வீட்டு மரவேலையாளரை மீண்டும் ரூபோவிடம் அழைத்துச் சென்றது. அமெரிக்கரான கிறிஸ்தோபர் ஸ்வார்ஸ் 2007 இல் வெளியிட்ட தச்சு வாங்கு பற்றிய நூலுக்குப் பிறகு, இருநூறாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பிரெஞ்சு வாங்கைப் பலரும் தமது வீட்டில் செய்யத் தொடங்கினர். மொக்ஸனின் இரட்டைத் திருகும் அவர் பெயராலேயே புத்துயிர் பெற்றது. வாங்கின்மீது வைத்துப் பொருத்தும் தனிப் பிடியாக அதைச் செய்துகொள்கிறார்கள்.

அதற்குக் காரணம் உயரம். சீவுவதற்கு வாங்கு தாழ்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் சுண்டுவிரலின் அடி மூட்டுத் தொடும் உயரம் பொருத்தமானது என்பர். அப்போதுதான் தோளின் பாரம் சீவுளியில் இறங்கும். புறாவால் மூட்டு அறுப்பதற்கு அந்த உயரத்தில் குனிந்து நின்றால் முதுகு முறிந்துவிடும். ஆகவே சீவும்போது வாங்கு, அறுக்கும்போது அதன்மேல் மொக்ஸன் பிடி.

எனது வீட்டுப் பின் விறாந்தையில் ரூபோவின் வாங்குக்கு இடமில்லை. மடிக்கும் வாங்கொன்றின் மேல் இரண்டு ஒட்டுப்பலகைகளைச் சேர்த்து ஒட்டிப் பொருத்தி, அடிப்படியில் ஒரு மணல் மூட்டையை வைத்திருக்கிறேன். முன்னரைப்போல அது நகர்வதில்லை. உயரம் மாத்திரம் இன்னும் இரண்டு அங்குலம் கூடுதலாக உள்ளது. கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துவதுபோல், தாழ்த்துவதற்கு வழியில்லையே. சீவும் நாட்களில் நான் ஒரு பலகைமேல் ஏறி நின்றுகொள்கிறேன்.