உள்ளூர்ப் பரிமாற்றக் கழகங்கள்: பணமில்லாப் பற்றுவரவின் வரலாறு

உள்ளூர்ப் பரிமாற்றக் கழகம் என்பது, ஓர் ஊரிலோ வட்டாரத்திலோ வாழ்பவர்கள் தங்கள் உழைப்பையும் திறமையையும் பொருள்களையும் நாட்டு நாணயம் இல்லாமல் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வதற்காக அமைத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். இவற்றுள் பரவலாக அறியப்பட்ட வடிவம் ‘லெட்ஸ்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இது 1983இல் கனடாவில் தோன்றியது. ஆனால், இதன் அடிப்படை எண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. ஊரில் வேலை செய்யக் கைகள் இருக்கின்றன, செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது, பணம் மட்டும் இல்லை என்ற நிலை வந்தபோதெல்லாம் மக்கள் இந்த வழியை நாடியுள்ளனர். அம்முயற்சிகளுள் சில நிலைத்தன, சில சரிந்தன. இரண்டுக்குமான காரணங்களை அறிவது, இத்தகைய கழகத்தில் சேர நினைப்பவர்க்கும் பொருளியல் பயிலும் மாணவர்க்கும் பயன் தரும்.

பண்டமாற்றிலிருந்து வேறுபாடு

பண்டமாற்றில் இருவர் தேவையும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். உப்பு வைத்திருப்பவருக்கு நெல் வேண்டும். நெல் வைத்திருப்பவருக்கும் அப்போதே உப்பு வேண்டும். பரிமாற்றக் கழகத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. கழகம் ஒரு கணக்கேட்டை வைத்திருக்கிறது. அதில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பக்கம் உண்டு. சேரும்போது எல்லாருடைய கணக்கும் சுழியத்தில் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். தச்சர் ஒருவர் ஓர் ஆசிரியையின் வீட்டுக் கதவைச் செப்பனிடுகிறார். கூலி 30 அலகுகள். தச்சரின் கணக்கில் 30 வரவு. ஆசிரியையின் கணக்கில் 30 பற்று. ஆசிரியை ரொட்டிக் கடைக்காரரின் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து 20 பெறுகிறார். தச்சர் அதே கடையில் 10 அலகுக்கு ரொட்டி வாங்குகிறார. இப்போது தச்சருக்கு 20 வரவு நிலுவை; ஆசிரியைக்கும் கடைக்காரருக்கும் தலா 10 பற்று நிலுவை. மூன்றையும் கூட்டினால் சுழியம். கணக்கு எப்போதும் இவ்வாறே அமையும். ஒருவருடைய வரவு என்பது மற்றவர்கள் செய்ய வேண்டிய கடமையாகும்.

நம் ஊர்களில் மொய் எழுதும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வேறுபாடு உண்டு. மொய்யை எழுதியவருக்கே திருப்பிச் செய்ய வேண்டும். கழகத்திலோ பெற்ற உதவியை உறுப்பினர் எவருக்கு வேண்டுமானாலும் திருப்பலாம்.

ஓவனின் உழைப்புச் சந்தை

சமூகச் சீர்திருத்தவாதியான ராபர்ட் ஓவன், 1832 செப்டம்பரில் லண்டனில் கிரேஸ் இன் சாலையில் ‘தேசிய நேர்மை உழைப்புப் பரிமாற்றகம்’ என்ற சந்தையைத் திறந்தார். கைவினைஞர் தாம் செய்த பொருளைக் கொண்டுவந்து ஒப்படைப்பார். மூலப்பொருளின் விலையும் அதைச் செய்யச் செலவான நேரமும் சேர்த்து மதிப்பிடப்படும். ஒரு மணி நேர உழைப்பு 6 பென்ஸ் என வைத்துக் கணக்கிட்டு, மணிக்கணக்கு அச்சிட்ட உழைப்புச் சீட்டுகள் வழங்கப்படும். அச்சீட்டுகளைக் கொண்டு அங்குள்ள வேறு பொருள்களை வாங்கிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு பர்மிங்காமிலும் ஒரு கிளை திறக்கப்பட்டது. ஆனால், இரண்டு குறைகள் விரைவில் வெளிப்பட்டன. முதலாவது, மதிப்பீடு. விலை குறைத்து மதிப்பிடப்பட்ட நல்ல பொருள்கள் உடனே விற்றுத் தீர்ந்தன. கூட்டி மதிப்பிடப்பட்டவை கிடங்கில் தேங்கின. இரண்டாவது, உணவு. கைவினைஞர்கள் தத்தம் தொழிற்பொருளைக் கொண்டுவந்தார்களே தவிர, அன்றாடம் உண்ணும் பொருள் சந்தைக்குப் போதிய அளவு வரவில்லை. சீட்டு கையில் இருந்தும் வேண்டிய பொருள் கிடைக்காதபோது சீட்டின் மதிப்புக் குன்றியது. 1834இல் சந்தை மூடப்பட்டது.

கோமாக்ஸ் பள்ளத்தாக்கு

கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவர் தீவில் கோமாக்ஸ் பள்ளத்தாக்கு உள்ளது. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டைப் பொருளாதாரத் தேக்கம் பிடித்தது. மரத்தொழிலைப் பெரிதும் நம்பியிருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வேலை இழந்தவர்களின் திறமை எங்கும் போய்விடவில்லை. ஆனால், அதை வாங்க அண்டை அயலாரிடம் டாலர் இல்லை. அங்குள்ள கோர்ட்னி நகரில் வாழ்ந்த மைக்கேல் லின்டன் 1983இல் தொடங்கிய ஏற்பாடே லெட்ஸ். அதன் கணக்கு அலகு ‘பச்சை டாலர்’ எனப்பட்டது. அது கனடா டாலருக்குச் சமமான மதிப்புடையது. ஆனால், தாளாகவோ நாணயமாகவோ அது அச்சிடப்படவில்லை. கணக்கேட்டில் மட்டுமே இருந்தது.

லின்டன் வகுத்த விதிகள் சில. யாரும் வணிகம் செய்யுமாறு கட்டாயப்படுத்தப்படமாட்டார்கள். பற்றுக்கு வட்டி இல்லை. வரவுக்கும் வட்டி இல்லை. கணக்கு வைக்கும் செலவு மட்டும் உறுப்பினரிடம் பெறப்படும். எந்த உறுப்பினரும் மற்றோர் உறுப்பினரின் நிலுவையைக் கேட்டு அறியலாம். இந்தக் கடைசி விதி முக்கியமானது. வட்டியும் பிணையும் இல்லாத இடத்தில், வாங்கிக்கொண்டே இருந்து எதுவும் திருப்பித் தராதவரைத் தடுப்பது ஊரார் பார்வை ஒன்றுதான்.

பச்சை டாலரோடு நாட்டு டாலரையும் கலந்து விலை சொல்ல இடமிருந்தது. ஒரு மேசைக்கு மரமும் ஆணியும் வாங்கிய செலவை டாலரிலும், செய்கூலியைப் பச்சை டாலரிலும் தச்சர் கேட்கலாம். ஓவன் கையாண்ட மணிக்கணக்கு முறையும் இங்கு இல்லை. விலையை இருவரும் பேசி முடிவு செய்தனர்.

கோர்ட்னியில் தொடங்கிய முதல் அமைப்பு 1980களின் இறுதியில் செயல் ஓய்ந்தது. அதற்குள் அந்த மாதிரி வேறு நாடுகளுக்குச் சென்றுவிட்டது.

பரவலும் ஒரு வழக்கும்

இங்கிலாந்தின் நாரிச் நகரில் 1985இலும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள மலேனி என்ற சிற்றூரில் 1987இலும் லெட்ஸ் அமைப்புகள் தோன்றின. நியூசிலாந்திலும் பச்சை டாலர் கழகங்கள் எழுந்தன. கழகங்கள் பல தம் ஊரின் அடையாளத்தையே அலகுக்குப் பெயராக வைத்துக்கொண்டன. நூற்பாலைகளால் பெயர்பெற்ற மான்செஸ்டர், தன் அலகை நூல்கண்டைச் சுட்டும் ‘பாபின்’ என்ற சொல்லால் அழைத்தது. மலேனியில் அப்பகுதிக் காட்டு மரமான ‘பன்யா’ அலகின் பெயராயிற்று.

பிரான்சில் இந்தக் கழகங்கள் ‘செல்’ எனப்படுகின்றன. முதலாவது கழகம் 1994இல் அரியேஜ் மாவட்டத்தில் தொடங்கியது. அதன் உறுப்பினர் இருவர், மற்றோர் உறுப்பினரின் வீட்டுக் கூரையைச் செப்பனிட்டனர். இது பதிவில்லாத மறைமுக வேலை என வழக்குத் தொடரப்பட்டது. 1998 சனவரியில் ஃபுவா நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் துலூஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி எந்த இடத்தில் தொழிலாக மாறுகிறது என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வி. வரி, தொழிலாளர் பாதுகாப்பு, வேலையற்றோர் உதவித்தொகை ஆகிய மூன்றும் இக்கேள்வியோடு பிணைந்தவை.

அர்ஜென்டினாவின் ஏற்றமும் வீழ்ச்சியும்

இவ்வகை முயற்சிகளுள் மிகப் பெரிதாக வளர்ந்தது அர்ஜென்டினாவில் தோன்றிய பரிமாற்றக் கழகமே. 1995 மே 1 அன்று, புவெனஸ் ஐரிஸ் அருகே கில்மெஸ் வட்டாரத்தில் உள்ள பெர்னால் என்ற ஊரில் ஏறத்தாழ 20 பேர் கூடி முதல் கழகத்தைத் தொடங்கினர். முதலில் பெயரளவில் கணக்கேடு இருந்தது. ஆட்கள் பெருகியதும் கணக்கு எழுதி முடியவில்லை. எனவே ‘கிரெடிட்டோ’ என்ற தாள் சீட்டுகள் அச்சிடப்பட்டன. வேறு ஊர்களில் தோன்றிய கழகங்களும் சீட்டுகளை வெளியிட்டன.

2001 டிசம்பரில் அந்நாட்டு அரசு, வங்கிக் கணக்கிலிருந்து மக்கள் பணம் எடுப்பதற்குக் கடும் வரம்பு விதித்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு 250 பெசோ மட்டுமே எடுக்க முடிந்தது. 2002இல் உழைக்கக்கூடியவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். பணம் புழங்காத ஊர்களில் கிரெடிட்டோ சீட்டு புழங்கியது. வீட்டில் சமைத்த உணவு, தைத்த ஆடை, காய்கறி, முடிதிருத்தம், பல் மருத்துவம் எல்லாம் கழகச் சந்தைகளில் கிடைத்தன. அந்த ஆண்டு சுமார் 25 இலட்சம் பேர் பங்கேற்றதாக மதிப்பிடப்படுகிறது.

அதே ஆண்டின் இறுதிக்குள் பெரும்பாலான கழகங்கள் சரிந்தன. கள்ளச் சீட்டுகள் பெருகின. சில இடங்களில் பொருள் வரத்துக்கு மேல் சீட்டுகள் அச்சிடப்பட்டன. மாவு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றை நாட்டுப் பணம் கொடுத்துத்தான் வெளியில் வாங்க வேண்டியிருந்தது. பணம் கிடைக்காத ஏழைகள் வெறுங்கையோடு சந்தைக்கு வந்தனர். உணவுப் பொருளின் விலை கிரெடிட்டோவில் பலமடங்கு உயர்ந்தது. இதனிடையே வேலையற்ற குடும்பத் தலைவர்களுக்கு மாதம் 150 பெசோ வழங்கும் அரசுத் திட்டம் வந்தது. கையில் பணம் வந்தவர்கள் சீட்டை நம்பிக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கடைசிவரை சீட்டைச் சேர்த்துவைத்திருந்தவர்களின் உழைப்பு ஈடின்றிப் போயிற்று.

லண்டனுக்கும் பெர்னாலுக்கும் இடையே 160 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. ஆயினும், வீழ்ச்சியின் காரணங்களுள் இரண்டு பொதுவானவை: உணவு வரத்துக் குறைந்தது, பொருளுக்கும் சீட்டுக்கும் இடையிலான அளவு தவறியது. அர்ஜென்டினாவில் மூன்றாவது ஒன்றும் சேர்ந்தது. கணக்கேட்டில் ஒவ்வொரு பற்றுக்கும் பின்னால் ஒரு பெயர் இருந்தது. கைமாறும் சீட்டில் எந்தப் பெயரும் இல்லை. யார் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்பது மறைந்துபோனது.

சேர்வோர் கவனிக்க வேண்டியவை

இன்றும் பல நாடுகளில் இத்தகைய கழகங்கள் சிறிய அளவில் இயங்குகின்றன. 2003இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிம் ஜென்கின் தொடங்கிய ‘சமூகப் பரிமாற்ற முறை’, கணக்கேட்டை இணையத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு கழகத்தில் சேரும் முன் உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பது நல்லது. தோட்ட வேலை, இசைப் பயிற்சி, மசாஜ் போன்றவற்றை வழங்குவோர் மிகுந்தும், குழாய் செப்பனிடுவோர், மின்பணியாளர், காய்கறி விளைவிப்போர் அரிதாகவும் இருந்தால், ஈட்டிய வரவைச் செலவழிக்க வழியிருக்காது. பற்றுக்கு வரம்பு உண்டா, நிலுவையை எல்லாரும் பார்க்க முடியுமா, பற்றோடு விலகுபவரின் கணக்கு எப்படித் தீர்க்கப்படுகிறது என்பனவும் கேட்டறியத் தக்கவை. தொழிலாகச் செய்யும் வேலையைக் கழகத்தின் வழியே செய்தால் வரி உண்டா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டப்படி அறிந்துகொள்ள வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் பற்றில் விழ அஞ்சி, முதலில் வரவு சேர்க்கவே விரும்புகிறார்கள். எல்லாரும் அப்படியே காத்திருந்தால் கழகம் இயங்காது. யாரேனும் ஒருவர் முதலில் பற்று வைத்தால்தான் இன்னொருவருக்கு வரவு பிறக்கும். கடன் வாங்கத் துணிவதும் அதை உழைப்பால் திருப்பித் தருவதும் இக்கழகங்களில் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும்.