தெராக்-25: மருத்துவ ஏஐ சட்டங்களின் முன்கதை

"ஏஐ எக்ஸ்ரே பாக்குதாமே, இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா டாக்டர்?" என்று நிறைய பேர் கேட்கிறீங்க. இருக்கு நண்பர்களே. அது எங்கே தொடங்கியதுன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

மார்ச் 1986. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் தெராக்-25 மெஷின். கனடா அரசு நிறுவனத் தயாரிப்பு. எலக்ட்ரானுக்கு "ஈ" தட்ட வேண்டிய ஆபரேட்டர், கைப்பழக்கத்தில் எக்ஸ்ரேக்கான "எக்ஸ்" தட்டிட்டு உடனே திருத்தினார். திரையில் எல்லாம் சரி. மெஷினுக்குள்ளே சரியில்லை.

"மால்ஃபங்ஷன் 54" என்று வந்தது. மேனுவலில் அதற்கு விளக்கமே கிடையாது. சும்மா சும்மா ஏதாவது எரர் காட்டுற மெஷின்தானே என்று "தொடர்க" பட்டனை அழுத்தினார். நோயாளிக்குப் போக வேண்டியது 180 ராட். போனது 16,500க்கும் மேல் இருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து மாதத்தில் இறந்துவிட்டார்.

கம்பெனி வந்து பார்த்தது. "எங்க மெஷின் ஓவர்டோஸ் தரவே முடியாது." மெஷின் திரும்ப ஓடியது. ஏப்ரலில் அதே ஊர், அதே மெஷின், இன்னொரு நோயாளி. அவர் மூன்றே வாரத்தில் இறந்தார்.

காரணத்தைக் கண்டுபிடிச்சது கம்பெனி இல்லீங்க. அந்த ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும் ஆபரேட்டரும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப தட்டிப் பார்த்தார்கள். வேகமாகத் திருத்தினால் மட்டும் அந்தப் பிழை வருது!

1985 முதல் 1987 வரை இப்படி ஆறு விபத்துகள். பழைய மாடலில் தவறான டோஸைத் தடுக்கத் தனி வன்பொருள் பூட்டு இருந்தது. சாஃப்ட்வேரை நம்பி அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க எஃப்டிஏவோ "பழைய மெஷின் மாதிரிதான்" என்ற வழியில் அனுமதி தந்திருந்தது. சாஃப்ட்வேரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அதன்பின் எஃப்டிஏ விழித்துக்கொண்டது. 1992 முதல் 1998 வரை திரும்பப் பெறப்பட்ட மருத்துவக் கருவிகளை அலசியபோது, 242 சாஃப்ட்வேர் கோளாறால் வந்தவை. அதில் 192, அதாவது 79%, விற்பனைக்கு வந்தபிறகு செய்த மாற்றத்தால் வந்த பிழை. அனுமதி வாங்கும்போது நல்லாத்தான் இருந்திருக்கு!

இந்த எண்ணை மனசில் வச்சுக்கிட்டு ஏஐக்கு வாங்க. ஏப்ரல் 2018இல், டாக்டர் படத்தைப் பார்க்காமலே சர்க்கரை நோயாளியின் விழித்திரை பாதிப்பைச் சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆருக்கு எஃப்டிஏ அனுமதி தந்தது. ஆனால் பூட்டிய நிலையில்தான். தானாகக் கற்றுத் தன்னை மாற்றிக்கொள்ளக் கூடாது. இப்போது கம்பெனிகள், பின்னால் என்னென்ன மாற்றுவோம் என்ற திட்டத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்கலாம்.

ஐரோப்பா இன்னும் கறார். 2024இல் வந்த ஏஐ சட்டத்தில், வெளி அமைப்பின் சோதனை தேவைப்படும் மருத்துவ ஏஐ எல்லாம் "அதிக ஆபத்து" வகை.

நம்ம நாட்டில்? ஏப்ரல் 1, 2020 முதல் மருத்துவ சாஃப்ட்வேரும் சட்டப்படி ஒரு மருத்துவக் கருவிதான். ஏஐக்கென்றே ஐசிஎம்ஆர் 2023இல் நெறிமுறைகள் வெளியிட்டது. நல்ல ஆவணம், ஆனால் அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை.

அடுத்த முறை எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ஏஐ பெயரைப் பார்த்தால் டாக்டரிடம் தாராளமா கேளுங்க: "இது எந்த வெர்ஷன் சார்? கடைசியா எப்ப மாத்தினாங்க?"