கையை முறுக்கும் கலைக்குப் பின்னே ஒரு வரலாறு

நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் ஐகிடோ வகுப்புக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். "கையை முறுக்கத்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்? பிசகிவிட்டால் யார் பொறுப்பு?" என்று மாலை நடையின்போது ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கலையின் வரலாற்றைப் படித்தபோது, பதில் அதற்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

ஜப்பானில் சாமுராய்கள் இடுப்பில் வாளோடு நடமாடிய காலத்தில் மணிக்கட்டுக்குத் தனி மதிப்பு. வாளை உருவவிடாமல் தடுக்க வேண்டுமானால் எதிராளி பிடிக்க வேண்டிய இடம் அதுதான். அப்படிப் பிடித்தவனின் கையையே மடக்கி அவனை வீழ்த்தும் வித்தைகள் ஜுஜுட்சு என்ற பழைய சண்டைக் கலையில் நிறைய இருந்தன. உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் எதிரியின் மூட்டு முறிவதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

1876-ல் பொது இடங்களில் வாள் அணிவதை அரசு தடை செய்தது. பழைய கலைகள் புதிய காலத்துக்கு ஏற்ப மாற வேண்டியிருந்தது. 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, அதைப் பள்ளிகளில் கற்பிக்கக்கூடிய உடற்கல்வியாக வளர்த்தார். காயம் ஏற்படும் என்பதால் விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகியவற்றை முறுக்கும் பிடிகள் ஜூடோ போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. கடைசியில் முழங்கைப் பிடி மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

விலக்கப்பட்ட மணிக்கட்டுப் பிடிகள் வேறொருவரிடம் பத்திரமாக இருந்தன. அவர் சோகாகு தகேதா (1859–1943). டைட்டோ-ரியூ என்ற ஜுஜுட்சு மரபின் ஆசான். ஊர் ஊராகப் போய்க் கற்பித்தவர். வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கற்றவர்களின் பெயருக்கு ஒரு பதிவேடு, வாங்கிய கட்டணத்துக்கு இன்னொன்று என்று வைத்திருந்தார். யார், எப்போது, எங்கே கற்றார்கள் என்பதை இன்று ஆய்வாளர்கள் அந்த ஏடுகளிலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் மொரிஹெய் உயேஷிபா. 1883-ல் பிறந்தவர். 1912-ல் ஒரு குழுவை அழைத்துக்கொண்டு வடக்கே ஹொக்கைடோ தீவில் குடியேறியிருந்தார். 1915-ல் அங்கே எங்காரு என்ற ஊரில் தகேதாவைச் சந்தித்து மாணவராகச் சேர்ந்தார். 1922-ல் கற்பிக்கும் தகுதிச் சான்றும் பெற்றார். இதற்கிடையே ஓமோட்டோ என்ற ஆன்மிக இயக்கத்தில் ஈடுபட்டது அவர் மனப்போக்கை மாற்றியது. எதிரியை அழிப்பது வீரமல்ல, காப்பதே வீரம் என்ற கருத்துக்கு வந்தார். 1931-ல் டோக்கியோவில் சொந்தப் பயிற்சிக்கூடம் திறந்தார். 1942-ல் அவர் கலைக்கு ஐகிடோ என்ற பெயர் நிலைத்தது.

பழைய பிடிகளை அவர் தூக்கி எறியவில்லை. இக்கியோ, நிக்கியோ, சங்கியோ, யோங்கியோ என்று இன்றும் கற்பிக்கிறார்கள். புரியாத பெயர்கள் என்று மலைக்க வேண்டாம். முதல் பாடம், இரண்டாம் பாடம், மூன்றாம் பாடம், நான்காம் பாடம், அவ்வளவுதான்.

இவை எப்படி வேலை செய்கின்றன? இடது உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். வலது கையால் அதைப் பிடித்து, மிக மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். ஓரளவுக்கு மணிக்கட்டு இடம் கொடுக்கும். பிறகு நின்றுவிடும். அதற்குமேல் முழங்கை நகரும், அடுத்து தோள். தொய்வான கயிற்றின் ஒரு முனையை அசைத்தால் மறுமுனைக்குத் தெரியாது. இழுத்துக் கட்டிய கயிறு என்றால் உடனே தெரியும். மூன்று மூட்டுகளின் தொய்வையும் எடுத்துவிட்டால், மணிக்கட்டில் செய்வது எதிராளியின் இடுப்புவரை போய்ச் சேரும். அவர் நிலை தடுமாறுவார்.

பெரும்பாலும் மூட்டை அது மடங்கும் திசையிலேயே அதன் எல்லைவரை கொண்டுபோகிறார்கள். எதிர்த்திசையில் ஒடிப்பதில்லை. பிடிப்பவர் கைப்பலத்தை நம்புவதும் இல்லை. முதலில் எதிராளியின் சமநிலையைக் குலைத்து, பிறகு தன் முழு உடம்பையும் நகர்த்துகிறார். அதனால்தான் சிறிய உருவம் கொண்டவரும் பெரியவரை உட்கார வைக்க முடிகிறது.

எல்லையைத் தொட்டதும் நிறுத்துவதா, தாண்டுவதா என்பது பிடித்தவர் கையில் இருக்கிறது. போர்க்களத்தில் தாண்டினார்கள். ஐகிடோவில் நிறுத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். வலி எல்லைக்கு வந்ததும் பிடிபட்டவர் தரையையோ தன் உடம்பையோ தட்டுவார். தட்டிய நொடியே பிடியை விட வேண்டும். அடுத்த முறை அவர் பிடிப்பார், இவர் தட்டுவார். தன் கையை நம்பி இன்னொருவரிடம் கொடுத்துத்தான் இந்தக் கலையைக் கற்க முடியும்.

எனவே பாட்டிக்கு நான் சொன்ன பதில் இது: பிள்ளையை அனுப்புங்கள், ஆனால் முதல் நாள் நீங்களும் போய் உட்கார்ந்து இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தட்டினால் உடனே விடுகிறார்களா? வளரும் பிள்ளைகளின் மணிக்கட்டை அழுத்தி முறுக்காமல், உருளவும் பாதுகாப்பாக விழவும் முதலில் பழக்குகிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் கவலை வேண்டாம். தட்டியும் விடாத ஆசிரியர் என்றால், பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.