அப்பப்பாவின் பெயர் எங்கே எழுதியிருக்கு?

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகிற வீதியில் இரண்டாம் உலகப்போர்ச் சேமக்காலை இருக்கிறது. எத்தனையோ தரம் சைக்கிளில் கடந்து போயிருக்கிறோம். அண்மையில்தான் உள்ளே போய் ஒவ்வொரு கல்லாக வாசித்தோம். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. பல பேருக்கு எங்கட வயதுதான்.

அவர்கள் எல்லாரும் பிரபு வீட்டுப் பிள்ளைகள் இல்லை. இங்கிலாந்தின் ஏதோ கிராமத்திலிருந்து வந்த சாதாரணப் பொடியன்களும் அதில் கிடக்கிறார்கள். அப்படி ஒருவனின் குடும்பத்தை எவ்வளவு தூரம் பின்னால் தேடிப் போகலாம் என்று பார்த்தோம்.

போர்க் கல்லறைப் பதிவேட்டில் பல பேருக்குத் தாய் தகப்பனின் பெயரும் ஊரும் இருக்கு. 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுத் தாள்களை 2022இல் திறந்துவிட்டார்கள். அந்த வீட்டில் ஆர் ஆர் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று அதில் பார்க்கலாம். பத்து வருசத்துக்கு ஒன்றாக 1841 வரை இப்படித் தாள்கள் உண்டு. 1837 ஜூலையில் அரச பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவு தொடங்கியது. அதற்கும் முன்னம் தேவாலய ஏடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் தோமஸ் குரோம்வெல் கட்டளையிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளின் பெயரும் அதில் ஏறியது. எல்லா ஏடும் தப்பவில்லைதான். எண்டாலும் ஏழையின் வீட்டுக்கும் ஒரு பாதை கிடக்கு.

இப்ப எங்கட வீட்டுக்கு வருவோம். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் சட்டமானது. 1871இல் முதல் குடிசன மதிப்பீடு நடந்தது. ஆனால் அச்சில் வந்தவை ஊருக்கு எத்தனை பேர் என்ற தொகைகள்தான். அவர்களுக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தாண்டியும் நிற்கும். எங்களுக்கோ அப்பாவின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கும், அப்பப்பாவின் பெயர் காணாமலே போகும்.

ஆனால் உங்கட பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கோ. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கு. குடும்பக் கதை தேடுகிறவருக்கு அது பெரிய உதவி. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதும் இதே மாதிரியான கேள்விதான்: தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? அதற்குக் கடதாசி காட்ட முடியாமல் லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். இங்கிலாந்தில் வம்சம் தேடுவது ஓய்வுநேர வேலை. எங்கட நாட்டில் அது ஒருவர் இந்த மண்ணுக்கு உரியவரா என்பதையே தீர்மானித்திருக்கிறது.

இருந்த கடதாசியிலும் எவ்வளவோ 1990 இடப்பெயர்விலும் 2004 கடலிலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது அம்மம்மாக்களின் ஞாபகம். அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள். “குண்டு போட்ட வருசம், அதுக்கு அடுத்த மாசியில பிறந்தவன்” என்பார்கள். ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. அப்படியென்றால் அவன் பிறந்தது 1943 மாசி. அதுவும் பதிவேடுதான், வாசிக்கத் தெரிய வேணும்.

அந்தச் சேமக்காலைப் பொடியனின் பூட்டன் பெயரைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. எங்கட பூட்டன் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருப்போம். அவர் சொல்லுகிற பெயரையும் ஊரையும் அப்படியே எழுதுவோம். எழுதின நாளையும் கீழே போடுவோம்.